எஞ்சினுக்குத் திருநீறு

என் காருக்குப் பேய் பிடித்திருக்கிறது, அதை ஓட்டத்தான் அந்த மனுஷர் எஞ்சினுக்குத் திருநீறு பூசுகிறார் என்று நான் ஒரு பகல் முழுக்க நம்பினேன். அப்போது நான் சின்னப் பிள்ளை இல்லை. முப்பத்தெட்டு வயது. தேனி பஜாரில் வத்தல் மண்டி வைத்திருந்தவன். நாலு பேர் யோசனை கேட்டு வருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தவன். இதில் இன்னொரு விசேஷம், திருநீறு பூசியவர் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போகிறவர். வேதக்காரரே திருநீற்றைக் கையில் எடுக்கிறார் என்றால் பேய் எத்தனை பெரிதாக இருக்க வேண்டும் என்று யோசித்து, கார் நின்ற பக்கமே போகாமல், அன்றைக்கு மண்டிக்குக் கொல்லை வழியாகப் போய் வந்தேன்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. பஜாரில் அவரை ‘மெக்கானிக்கு’ என்பார்கள், அது போதும். ஒல்லியான ஆள், என்னைவிட நாலைந்து வயது இளையவர். காக்கி அரைக்கால் சட்டை. ஒரு பையில் திருநீற்று டப்பா. மறு பையில் சவரக் கண்ணாடியின் உடைந்த துண்டு ஒன்று. அதை ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் கட்டி வைத்திருப்பார். தலை நுழையாத இடத்துக்கெல்லாம் அந்தக் கண்ணாடி நுழைந்து அவருக்குக் காட்டும். எதை எடுத்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தரம் தேய்த்துப் பார்ப்பார். ஓட்டலில் இட்லி வைத்தால்கூட முதலில் ஒரு ஓரத்தைக் கிள்ளித் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

இத்தனையையும் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய ஒரு கேள்வியைத்தான் என்னால் பொறுக்க முடிந்ததில்லை. யார் எதைச் சொன்னாலும், “பாத்தீகளா?” என்பார். சண்டைக்கு இழுக்கிற தொனி இருக்காது. ரயிலில் டிக்கெட் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்பார். டிக்கெட் இல்லாதவனுக்குத்தான் வியர்க்கும்.

சண்டைக் காலத்தில் ஒருநாள், ஜப்பான்காரன் மெட்ராஸில் இறங்கிவிட்டான் என்று பஜார் முழுக்கச் செய்தி பரவியது. அரை மணி நேரத்துக்குள் நான் வத்தல் மூட்டைகளை உள்ளே தள்ளி, மண்டியைப் பூட்டி, சாவியை எங்கே வைத்தேன் என்று மறந்து, நானே பூட்டிய பூட்டை உடைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தேன். குடும்பத்தோடு வருசநாட்டு மலைக்குள் போய்விட்டால் ஜப்பான்காரனுக்கு வழி தெரியாது என்பது என் திட்டம். எனக்கும் வழி தெரியாது என்பது அப்போது தோன்றவில்லை. எதிர்க் கடையில் மெக்கானிக்கு காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இங்கன உக்காந்து காப்பி குடிக்கிறீகளே, ஜப்பான்காரன் வந்துட்டான்!”

“பாத்தீகளா?”

“நான் எங்கிட்டுப் பாக்க? சொன்னாக.”

“சொன்னவுக பாத்தாகளா?”

“அவுகளுக்கும் யாரோ சொன்னாகளாம்.”

“சரிண்ணே. வந்தான்னாச் சொல்லுங்க, அவன் கொண்டாற வண்டியப் பாக்கணும்.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்தார். “பூட்ட ஒடைக்கிறது இருக்கட்டும். மடியப் பாத்தீகளா?”

சாவி மடியில்தான் இருந்தது.

பஜார் இதைச் சொல்லிச் சிரித்தது. ஆனால் அவருடைய இந்தக் குணம் எப்போதும் சிரிக்கிற மாதிரி இருக்காது. அவர் மச்சினன், சொந்த மனைவியின் தம்பி, பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். கெங்குவார்பட்டிப் பக்கம் ஒருநாள் பஸ்ஸைப் பள்ளத்தில் இறக்கிவிட்டான். யாரும் சாகவில்லை, ரெண்டு பேருக்குக் கை ஒடிந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னான். அந்தப் பஸ்ஸுக்கு முந்தின வாரம் பிரேக் பார்த்தவர் நம் மெக்கானிக்கு. விசாரணைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். பிரேக் பழசு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பையன் பிழைத்துப்போவான் என்று வீட்டில் எல்லாரும் அழுதார்கள். அவர் போய் நின்று, “நான் பாக்கையில பிரேக்கு நல்லா இருந்துச்சு. இவன் அத மிதிச்சானா இல்லையான்னு நான் பாக்கல” என்றார். மச்சினன் லைசென்ஸ் போயிற்று. மனைவி ரெண்டு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த ரெண்டு மாதமும் அவர் ஓட்டல் இட்லியைத் தேய்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். அவர் நல்லவரா, கல்நெஞ்சக்காரரா என்று எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை. அவர் எதிரில் மட்டும் அதன்பிறகு கொஞ்சம் நிதானித்துத்தான் வாயைத் திறந்தேன்.

இனிக் காருக்கு வருகிறேன்.

குமுளி மலையில் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது கழித்துவிட்டுப் போன கார் அது. கேன்வாஸ் கூரை, நாலு கதவு. அதில் ஒன்று திறக்காது. எஞ்சின் உட்கார்ந்த இடத்தில் எப்போதும் லேசாகப் புகை வரும். புகையில் கருகின எண்ணெய் வாடை. துரைக்கு அது தெரிந்திருக்காது, பைப் குடிக்கிறவர். ஓட்டுவது நானேதான். நான் வருவதைத் தூரத்தில் பார்த்தாலே பஜாரில் மாடுகள்கூட ஓரமாக ஒதுங்கும்.

அந்த வருஷம் என் மனைவி ஒன்பது மாதம் சுமந்திருந்தாள். அதற்கு முந்தின இரண்டும் வடுகபட்டியில், அவள் அப்பா வீட்டில், மருத்துவச்சி கையில் பிறந்தன. இரண்டும் அழவில்லை. இந்தத் தடவை வலி கண்டபிறகு ஓடி வராதீர்கள், முன்னாலேயே வந்து பக்கத்தில் இருங்கள் என்று மதுரையில் ஒரு டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். என் தங்கச்சி வீடு மதுரையில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட நாள் குறித்தோம்.

போவதற்கு என் காரை விட்டால் வேறு நாதி இல்லை. போடி ரயில் பாதையின் தண்டவாளத்தைச் சண்டைக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பஸ்கள் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடின. ஆண்டிபட்டிக் கணவாய் வந்தால் ஜனங்களை இறக்கித் தள்ளச் சொல்வார்கள். பெட்ரோலுக்குக் கூப்பன். அந்தக் கூப்பனில் வாங்கியதில் மிச்சமிருந்தது மதுரை போய்ச் சேர மட்டும் காணும். திரும்பி வருவதைப் பற்றி நான் யோசிக்கவும் இல்லை.

அதற்கு முந்தின வாரம் மாமனார் வீட்டுக் கிடாவெட்டுக்காக வடுகபட்டி போயிருந்தோம். திரும்பும்போது காருக்குள் வந்த எண்ணெய் வாடை தாங்காமல் மூன்று இடத்தில் நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். பத்து மைலுக்கே இப்படி என்றால் மதுரைக்கு எப்படி? அன்று சாயங்காலமே நான் காருக்கடியில் புகுந்து அந்த வாடைக்கு ஒரு வழி பண்ணினேன். மறுநாள் வீரபாண்டிக் கோயிலுக்குப் போய் வந்தோம். “இன்னிக்கு வாடையே இல்லைங்க” என்றாள். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை பொழுது சாயும்வரை இருந்தது. பழைய மாட்டுக் கொட்டகையில்தான் காரை நிறுத்துவேன். விளக்கு வைக்கிற நேரத்தில் போய்ப் பார்த்தால், காருக்கடியில் தோசைக்கல் அகலத்துக்குக் கறுப்பாக எண்ணெய். குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், இன்னொரு சொட்டு. முதலில், காருக்கு வேர்க்கிறது போல, வெயிலில் போய் வந்ததல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு விசிறியை எடுத்துவந்து கொஞ்ச நேரம் வீசியும் பார்த்தேன். இதை யாரும் பார்க்கவில்லை என்பதால் இங்கே தைரியமாக ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் துணி துவைக்கிற சவுக்காரத்தைப் பிசைந்து, ஈரமாகத் தெரிந்த இடத்திலெல்லாம் அப்பினேன். எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டினேன். சவுக்காரம் நுரைத்து, நுரையோடு எண்ணெய் வந்தது. மண்டிக்கு மூட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, “எஞ்சின எறக்கணும். எப்படியும் ஒரு மாசமாகும்” என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனான்.

ஒரு மாதம்! எனக்குச் சோறு இறங்கவில்லை. மண்டியில் உட்கார்ந்தால் கொட்டகைக்கு ஓடத் தோன்றும். கொட்டகைக்குப் போனால் மண்டி ஞாபகம் வரும். ரெண்டுக்கும் நடுவே இருந்த வேப்பமரத்தடியில்தான் அந்த வாரம் அதிகம் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாமனார் வந்து இறங்கினார். பூண்டு வியாபாரி, மூட்டையைத் தூக்கிப் பார்க்காமலே எடை சொல்கிறவர். வந்தது கூண்டு வண்டியில், வைக்கோலுக்கு மேலே மெத்தை விரித்து. மாட்டை வாசலில் கட்டிவிட்டு நேரே கொட்டகைக்கு வந்து, தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மாப்ள, வெள்ளிக்கெழம காலைல இது கெளம்புச்சுன்னா மதுர. இல்லையா, எம்புள்ள எங்கூட வண்டியில ஏறி வடுகபட்டிக்கு வந்துரும். அந்த மருத்துவச்சிக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கேன்.”

உள்ளே என் மனைவி பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தேன். அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“வடுகபட்டிக்கு மட்டும் வேணாங்க” என்றாள்.

நான் செருப்புக்கூடப் போடாமல் மெக்கானிக்கைத் தேடி ஓடினேன்.

அவர் வந்தார். பானட்டைத் திறக்கவில்லை. கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினார். தரையில் இருந்த எண்ணெயைத் தொட்டு விரலில் தேய்த்தார், மோந்தார்.

“யாராச்சும் கை வச்சாகளா?”

“நான் சவுக்காரம் அப்புனேன்.”

“அது தெரியுது. வேற?”

“வேற ஒண்ணுமே இல்ல, தம்பி.”

நான் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அந்த நேரத்தில் என் நினைவில் வேறு எதுவும் இல்லை.

அவர் பழைய பேப்பர் கேட்டார். கொடுத்தேன். காருக்கடியில் தாள் தாளாக விரித்து, ஓரத்தில் கல் வைத்து, எஞ்சினை ரெண்டு நிமிஷம் ஓட்டி நிறுத்திவிட்டு, “நாளைக்கு வாறேன்” என்று புறப்பட்டார்.

“தம்பி! வெள்ளிக்கெழம போகணும். எஞ்சின எறக்கணும்னு லாரிக்காரன் சொல்றான். நீங்க பேப்பர விரிச்சுட்டுப் போறீகளே!”

“லாரிக்காரரு பாத்தாகளா?”

“எட்டிப் பாத்தான்.”

“எட்டிப் பாக்குறது பாத்ததுல சேராதுண்ணே” என்றபடி போய்விட்டார்.

புதன்கிழமை காலையில் பேப்பரில் சண்டை நடக்கிற நாடுகளின் படம் போட்ட பக்கம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக எண்ணெய். ஜெர்மன்காரன் பக்கம் ஒன்று, ரஷ்யாக்காரன் பக்கம் ரெண்டு, கடலில் பெரிதாக ஒன்று. அவர் குந்தி உட்கார்ந்து அதை மாமனார் ஜாதகம் பார்ப்பதைவிட அதிக நேரம் பார்த்தார். “எங்கன விழுகுதுன்னு பேப்பர் சொல்லுது. எங்கன பொறப்படுதுன்னு சொல்லல. கழுவிட்டுத்தான் பாக்கணும்” என்றார். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். வெந்நீரும் சீயக்காயும் கேட்டார். என் மனைவி ஒரு படி சீயக்காயை இடித்துக் கொடுத்தாள். எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீரில் தலைமுழுகின எஞ்சின் இந்த ஜில்லாவிலேயே என்னுடையதாகத்தான் இருக்கும். துடைத்துத் துடைத்து, துரை காலத்துப் பச்சைப் பெயின்ட் வெளியே வரும்வரை துடைத்தார். நான் பக்கத்தில் நின்று நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மணி பத்து. மணி பத்தரை. அவர் ஒரு தரமும் நிமிரவில்லை.

அப்புறம் தன் டப்பாவைத் திறந்து கவிழ்த்தார். காலி.

“வீட்டுல பழனித் திருநீறு இருக்குமாண்ணே?”

என் மனைவி கேட்டதுமே ஒரு பொட்டலத்தை அப்படியே கொண்டுவந்து நீட்டினாள். அவர் அதை மெல்லிய துணியில் முடிந்து, எஞ்சினின் மேலும் பக்கத்திலும் அடியிலும் தட்டித் தட்டிப் படியவைத்தார். எஞ்சின் பழுத்த சிவபக்தராகிவிட்டது. என் மனைவி வாசல்படியில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டாள். நானும் சட்டென்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டேன்.

“வேதக்காரரு திருநீறு போடுறாரு, மாப்ள கும்புடுறாரு. நல்ல காரு வாங்குனீகப்பா” என்றார் மாமனார்.

“ஓட்ட வேணாம். இன்னிக்குப் பூராம் இப்படியே நிக்கட்டும். யாரும் தொட வேணாம்” என்று சொல்லிவிட்டு மெக்கானிக்கு போய்விட்டார். பேய் விஷயத்தில் நான் தீர்மானத்துக்கு வந்தது அப்போதுதான். யாரும் தொட வேண்டாம் என்றால் வேறு என்ன அர்த்தம்? அன்றைக்குத்தான் கொல்லை வழியாக மண்டிக்குப் போனேன்.

அன்று சாப்பாட்டின்போது என் மனைவி, “நமக்காக அவுக சாமிய விட்டுட்டு நம்ம சாமிகிட்டக் கேக்குறாகளே. அந்த மனுசருக்கு எம்புட்டு மனசு!” என்றாள். ஒன்பது மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் ரெண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை. திருநீறு போட்டது போட்டபடி வெள்ளையாக இருந்தது. நான் தயங்கித் தயங்கி, பேய் போய்விட்டதா என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உள்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணே, எண்ணெ பட்டா திருநீறு கறுத்துரும். எங்கன மொதல்ல கறுக்குதோ அதான் ஊத்துக்கண்ணு. இம்புட்டுப் பொடிசா, வெள்ளையா வேற தூளு எங்க கெடைக்குது? மாவு போட்டா எறும்பு வரும். நிக்கையில ஒழுகுதான்னு பாக்கத்தான் நேத்து விட்டு வச்சேன். ஒழுகல. இனி ஓட்டிப் பாக்கணும்.”

“இத அவகிட்டச் சொல்லிட்டீகளா?”

“அவுக என்னயக் கேக்கலையே.”

எஞ்சினைக் கிளப்பினார். நான் பெட்ரோல் டாங்கியில் குச்சியை விட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு நிமிஷமும் மதுரைச் சாலையில் ஒரு பர்லாங்கு குறைகிற மாதிரி இருந்தது.

“எம்புட்டு நேரம் ஓட்டணும், தம்பி?”

“தெரியிற வரைக்கும்.”

“குச்சியில ஒரு வெரக்கடை எறங்கிருச்சு!”

“பாத்தீக. சரி.”

ஐந்தாறு நிமிஷத்தில் கறுக்கத் தொடங்கியது. முன்பக்கம் ஒரு கோடு. பின்பக்கம் ஒரு கோடு. பக்கவாட்டு மூடியின் விளிம்பு முழுக்க. அடியில் ரெண்டு இடம். எல்லாம் ஒரே சமயத்தில். லாரிக்காரன் சொன்னதுதான் சரி, அத்தனையும் போயிற்று என்று நான் தலையில் கைவைத்து வைக்கோல்மேல் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் மாமனார் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆரம்பித்தார். மறுநாள் பயணத்துக்கு மாட்டைத் தயார் பண்ணுகிறார் என்று தெரிந்தது.

மெக்கானிக்கு மட்டும் கறுப்புக் கோடுகளைப் பார்க்கவில்லை. எஞ்சினுக்குள் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் செருகியிருக்கும் அளவுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மெதுவாக, யாரும் தொடாமல், மேலே எழுந்தது. அவர் ஒரு விரலால் அமுக்கினார். விட்டதும் மறுபடி எழுந்தது. அவர் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“அண்ணே, கம்பி தானா எந்திரிக்குது. பாத்தீகளா?”

“பாத்தேன்” என்றேன். அந்தக் கேள்விக்கு என் ஆயுளில் நான் நேர்மையாகச் சொன்ன முதல் பதில். பார்த்ததில் ஒன்றும் விளங்கவில்லை என்பது வேறு விஷயம்.

“ஒரு எடத்துல ஒழுகுனா அந்த எடத்துல கோளாறு. அஞ்சு எடத்துலயும் ஒண்ணா ஒழுகுனா கோளாறு வேற எங்கனயோ இருக்கு.” எஞ்சினை நிறுத்திவிட்டு, கண்ணாடிக் குச்சியை எடுத்துக்கொண்டு காருக்கடியில் மல்லாந்து நகர்ந்தார். கால் ரெண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு கம்பியை முறுக்குகிற சத்தம். எதையோ பிடித்து இழுக்கிற சத்தம். புஸ்ஸென்று ஒரு காற்று.

வெளியே வந்தார். கையில் உருண்டையாக, கறுத்து ஊறிப்போன ஒன்று. ஒரு துண்டுக் கம்பி அதில் தொங்கிற்று.

மாமனார் தண்ணீர் வாளியோடு உள்ளே வந்தார். “என்னப்பா அது?”

“துணிங்கய்யா.”

“எங்கன இருந்துச்சு?”

“எஞ்சினு மூச்சு விடுற கொழாய்ல. உள்ள சேருற புகை இந்தக் கொழாய் வழியாத்தான் வெளிய போகணும். அடைச்சாச்சு. போக வழியில்லாம அது எண்ணெயத் தள்ளிக்கிட்டுச் சந்து சந்தா வந்திருக்கு. எஞ்சின எறக்க வேண்டியதில்ல.”

“யாரு அடைச்சது?”

மெக்கானிக்கு அந்த உருண்டையைப் பிரித்தார். நடுவில் எண்ணெய் ஊறாத ஒரு சின்ன இடம். மஞ்சள் நிறம், அதில் வெள்ளைப் புள்ளி. சுங்குடிச் சேலை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தரம் தேய்த்தார். என்னைப் பார்த்தார். வாசல்படியில் நின்ற என் மனைவியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். மச்சினனையே விட்டுக்கொடுத்த மனுஷர். இது மட்டும் தெரிந்தால் மாமனார் காரை நம்பினாலும் என்னை நம்பிப் பெண்ணை அனுப்ப மாட்டார். வண்டியில் மெத்தை விரித்தபடி இருக்கிறது.

“நான் பாக்கலையேங்கய்யா” என்றார் மெக்கானிக்கு.

மாமனார் வாளியைக் கீழே வைத்தார். “தெருப்பயலுக வேல. வேற எவன் செய்வான் இந்தக் கூத்த? கையில கெடைச்சானுகன்னா தோல உரிச்சுருவேன்!”

“ஆமா மாமா” என்றேன்.

பக்கவாட்டு மூடிக்கு உள்ளே எண்ணெய் கசியாமலிருக்க வைக்கிற பேக்கிங் அட்டை மட்டும் பிதுங்கிக் கிழிந்திருந்தது. சண்டைக் காலத்தில் புதுசுக்கு எங்கே போவது? சுவரில் தொங்கிய காலண்டர் அட்டையைக் கேட்டார். மூடியின் விளிம்பில் அட்டையை வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரம் முழுக்கத் தட்டி அச்சு எடுத்து, வெட்டி, வார்னிஷ் தடவி இறுக்கினார். மறுபடி கழுவினார். மறுபடி திருநீறு தட்டினார். என் மனைவி மறுபடி கும்பிட்டாள். ஐந்து நிமிஷம் ஓட்டினார். திருநீறு வெள்ளையாகவே இருந்தது. அளவுக் கம்பி அடங்கி உட்கார்ந்திருந்தது.

புறப்படும்முன் காருக்கடியில் இன்னொரு தரம் போனார். ஒரு முழம் சைக்கிள் டியூப்பை அந்த மூச்சுக் குழாயின் நுனியில் மாட்டி, பின்சக்கரம் வரைக்கும் இழுத்துக் கட்டினார். எதற்கு என்று கேட்டேன்.

“வாடை உள்ள வந்துச்சுண்ணே. நான் மோந்தேன்” என்றார். துணி உருண்டையைப் பேப்பரில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டோம். கார் கண்ணுக்கு மறைகிறவரை மாமனார் வண்டி நுகத்தடியில் கைவைத்தபடியே நின்றாராம். ஆண்டிபட்டி போவதற்குள் நான் நாலு தரம் நிறுத்தி அடியில் குனிந்து பார்த்தேன். கணவாய் ஏறியதும் ஐந்தாம் தரம். ஒரு சொட்டு இல்லை. அவள் ஒரு தரமும் வாந்தி எடுக்கவில்லை. உசிலம்பட்டி தாண்டியபிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

“கிழிச்சதுதான் கிழிச்சீக, பழஞ்சேலையாப் பாத்துக் கிழிச்சிருக்கக் கூடாதா? அந்தச் சுங்குடிய நான் ரெண்டு தரந்தான் கட்டியிருக்கேன்.”

நான் ஆறாம் தரம் காரை நிறுத்திவிட்டுக் கீழே குனிந்தேன். எண்ணெயைப் பார்ப்பதற்கு அல்ல.

குச்சியில் இறங்கின விரற்கடை கடைசியில் தன் வேலையைக் காட்டியது. மதுரையில் தங்கச்சி வீட்டுக்கு ரெண்டு தெரு முன்னால் பெட்ரோல் தீர்ந்தது. ஓடிப்போய்த் தங்கச்சி புருஷரைக் கூட்டிவந்து ரெண்டு பேரும் தள்ளினோம். என் மனைவி முன்சீட்டுக்கு மாறி, வயிற்றுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே கொஞ்சம் இடம் பண்ணிக்கொண்டு, பிடித்துத் திருப்பினாள். நான் திருப்புவதைவிட நன்றாகத் திருப்பினாள்.

பதினோராம் நாள் பெண் குழந்தை பிறந்தது. அழுதது. வராந்தாவின் அந்தக் கோடியில் நின்ற எனக்குக் கேட்கிற அளவுக்கு அழுதது. பக்கத்தில் நின்ற ஆயா, “உங்க புள்ளதான்” என்றாள். வாய் தவறி, “பாத்தீகளா?” என்று கேட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துத் தேனிக்குத் திரும்பியபோது மெக்கானிக்கு குழந்தையைப் பார்க்க வந்தார். தொட்டில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். குழந்தை காரணமே இல்லாமல் வீரிட்டது. யார் ஜாடை, என் ஜாடையா, அவள் ஜாடையா என்று கேட்டேன். கேட்டதும் சொல்லிவிடுவாரா? ரொம்ப நேரம் பார்த்தார்.

“மொகம் இன்னும் தெரியலண்ணே. பதறுறதப் பாத்தேன். உங்களத்தான் உரிச்சு வச்சிருக்கு.”

இப்போது அவளுக்கு ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. மாமனார் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், தெருவில் கோலி விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் பிறக்கவே இல்லை. அவருக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது, இதை வாசிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கிடாவெட்டுக்குப் போய்த் திரும்பிய அன்று சாயங்காலம், என் மனைவியின் மஞ்சள் சுங்குடிச் சேலையில் முந்தானையைக் கிழித்து, சுருட்டி, காருக்கடியில் படுத்துக்கொண்டு, புகை வந்த குழாய்க்குள் திணித்து, விழாமலிருக்கக் கம்பி போட்டு முறுக்கியது நான்தான்.